அண்ணனுக்குக் கிடைக்காத சோதனை

அண்ணனுக்கு முகம் வீங்கியபோது நாங்கள் சிரித்தோம். வாழ்நாள் முழுக்க எலும்பும் தோலுமாகவே இருந்த மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னம் உப்பி, கண்ணிமை தடித்து, ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் ஃபிளாட் வாசலில் அண்ணியோடு வந்து நின்றார்.

"என்னண்ணே, இப்பத்தான் அண்ணி சோறு போடுறாங்களா?" என்றேன்.

"அம்பது வயசு தாண்டித்தான் எனக்குச் சதை புடிக்கணும்னு இருக்கு லா," என்றார்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது சிலிப்பர் காலுக்குள் போகவில்லை. அண்ணி குனிந்து அவர் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. அப்போதுதான் அண்ணன் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். ஒண்ணுக்குப் போனால் சோப்புப் போட்ட மாதிரி நுரைக்கிறதாம். தங்கை முன்னால் சொல்லக் கூச்சப்பட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எங்கள் அப்பா பாலிக் புலாவில் ஒரு டுரியான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். டுரியானுக்கு இடையிடையே சாதிக்காய் மரங்களும் உண்டு. தோட்டத்தின் நடுவில் பலகை வீடு. அண்ணனும் நானும் பிறந்தது அதில்தான். எங்கள் சின்ன வயதில் கக்கூஸ் என்று சொல்ல வீட்டுக்குப் பின்னால் ஒரு குழிதான் இருந்தது. மழை பெய்தால் குழி நிரம்பி, சரிவில் வழிந்து, மரங்களுக்கு அடியில் போகும். அந்தச் சேற்றில்தான் நாங்கள் இருவரும் வெறுங்காலோடு விழுந்த பழம் பொறுக்குவோம். நான் பள்ளிக்கூடம் முடித்ததும் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் வேலை. தினமும் கடல் பாலம் தாண்டிப் போய் வருகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு அவர் வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார். அண்ணி தைப்பிங் நகரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு உறவு என்று சொல்ல அவர்கள் இருவரும்தான்.

மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. சிறுநீரகத்தில் கோளாறு, உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் வெளியே போகிறது என்றார்கள். ஸ்டெராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் முதல் வேலை, மூடி போட்ட சின்னக் குப்பியில் சிறுநீர் கொடுப்பது. தாதி அதில் ஒரு குச்சியைத் தோய்த்து நிறத்தைப் பார்ப்பார்.

"என் மூத்திரத்தப் பாத்துப் பாத்தே அந்தப் புள்ளைக்கு வயசாயிடும் போல," என்று அண்ணன் சொல்லுவார். குப்பியைக் கையால் மறைத்துக்கொண்டு, திருடன் மாதிரி வரிசையில் நிற்பார்.

மாத்திரை வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. நுரை குறைந்தது. உப்பில்லாத மீன் குழம்பைக்கூடக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். நாங்கள் நிம்மதியாக இருந்தது அந்தக் கொஞ்ச நாள்தான்.

சில வாரங்களில் வயிற்றுவலி தொடங்கியது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. பக்கத்துக் கிளினிக்கில் காஸ்ட்ரிக் என்று மருந்து கொடுத்தார்கள். பிறகு இருமல்; இருமும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்டது. ஒரு நாள் அண்ணி போன் செய்து என்னை வரச் சொன்னார். போனபோது அண்ணனின் சட்டையைத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்கு மேலே ஊசியால் கீறியது போல ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து போயிருந்தது.

"காலையில இந்தப் பக்கம் இருந்துச்சும்மா. இப்பப் பாரு, இங்க வந்துருச்சு."

அந்தக் கோடு எனக்குப் புதிதில்லை. இடுப்பிலும் பின்பக்கத்திலும் அப்படி ஓர் அரிப்பு எங்கள் இருவருக்குமே சிறு வயதிலிருந்து வரும், இரண்டொரு நாளில் போகும். அம்மா உடம்புச் சூடு என்று எண்ணெய் தேய்ப்பார். அம்மாவுக்குப் பிறகு நான் மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயமாக எங்கள் இருவருக்குமே அது தோன்றியதில்லை. தலைவலி வருவதைப் போல அதுவும் உடம்போடு உள்ள ஒன்று.

மருத்துவமனையில் சேர்த்தோம். மூச்சுத் திணறலுக்காக ஸ்டெராய்டைக் கூட்டினார்கள். அவர்களைப் பார்த்தால் அக்கறையில்லாதவர்களாகத் தெரியவில்லை. மூச்சு விட முடியாத மனிதருக்கு அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். அன்று சாயங்காலம் அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, டுரியான் மரத்தடியில் வலை கட்டியாகிவிட்டதா என்று கேட்டார். பழம் விழும் பருவம் அது.

"கட்டியாச்சுண்ணே. ஆளு வெச்சு அண்ணி கட்டிட்டாங்க."

"மேட்டுப்பக்கம்?"

"அதுவும் கட்டியாச்சு."

மேட்டுப்பக்கம் கட்டினார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு தொண்டையில் குழாய் வைத்துவிட்டார்கள். பேச்சு அத்தோடு முடிந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மலாய்ப் பெண் டாக்டர் இருந்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. அவர்தான் எங்கள் இருவரையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மலாயில் மெதுவாகப் பேசினார். அண்ணனின் நுரையீரலிலிருந்து எடுத்த சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்களாம். தன் போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைக் காட்டினார். வட்டமான வெளிச்சத்துக்குள் ஒரு நூல்துண்டு சுருண்டு, நிமிர்ந்து, மறுபடி சுருண்டது.

அண்ணி கண்ணை எடுக்காமல் பார்த்தார். பிறகு என்னிடம் தமிழில் கேட்டார்: "இது அவருக்குள்ளயா இருக்கு?"

மனித மலம் கலந்த மண்ணில் இருக்கும் புழு என்றார் டாக்டர். வெறுங்காலின் தோல் வழியாக உள்ளே போகும். குடலில் தங்கும். மற்றப் புழுக்களைப் போல வயதாகிச் சாகும்போது தானாகத் தீர்ந்துவிடாது. உடம்புக்குள்ளேயே அடுத்த தலைமுறையை உண்டாக்கிக்கொண்டு எத்தனை வருடமானாலும் இருக்கும். உடம்பின் எதிர்ப்பு சக்தி அதை அடக்கி வைத்திருக்கும், ஆளுக்கும் ஒன்றும் தெரியாது. ஸ்டெராய்டு அந்த எதிர்ப்பைத் தளர்த்திவிடும். அப்போது புழு கட்டுக்கடங்காமல் பெருகி, குடலைத் துளைத்து, நுரையீரல் வரை போகும். போகும்போது குடலின் அழுக்கையும் கிருமியையும் ரத்தத்துக்குள் இழுத்துச் செல்லும்.

"அப்ப, அந்த மாத்திரைதானா?" என்றார் அண்ணி. நான் மலாயில் மாற்றிக் கேட்டேன்.

சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரை தேவைதான், ஆனால் புழு இருப்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். புழு மருந்தைக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவி முடிந்திருந்தது. மழை கொட்டிய ஒரு காலையில் அண்ணன் போய்விட்டார். அவர் கைகளில் ஊசி குத்தாத இடமே இல்லை. முழங்கை வரை கறுத்துக் கிடந்தன. குளிப்பாட்டும்போது அண்ணி அந்தக் கைகளை விடவே இல்லை.

காரியம் முடிந்ததும் டாக்டர் எனக்குப் போன் செய்தார். அதே மண்ணில் இருந்தவர்கள் சோதித்துக்கொள்ள வேண்டும், முக்கியமாக அண்ணி, என்றார். அண்ணி ஒருமுறை மலம் கொடுத்தார். டப்பாவைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, அதை இன்னொரு பைக்குள் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதையின் வளைவுகளில் பஸ்ஸில் வந்தார். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போனதும் நாற்றத்தால்தான் என்று நினைத்து அழுதிருக்கிறார். முடிவில் புழு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு தடவை பார்த்தால் போதாதாம். புழுக்குஞ்சு மலத்தில் எப்போதாவது கொஞ்சம்தான் வரும், பல நாள் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

"மனுசி பீயத் தூக்கிட்டு மறுபடி பஸ் ஏறுறதா? போதும்மா," என்றார் அண்ணி.

"ரத்தம் குடுக்கலாமாம் அண்ணி. ஒரே ஒரு ஊசிதான்."

"அவரு கையப் பாத்தல்ல? என் கையில ஒருத்தனும் குத்தக் கூடாது."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. என்னைப் பற்றியும் நான் யோசிக்கவில்லை. நான் ஆபீஸ்காரி. ஏர்கான் அறை, மூடிய காலணி. அந்த மண்ணை விட்டு வந்து பாதி ஆயுள் போய்விட்டது.

சில மாதம் கழித்து அதே டாக்டர் திரும்பவும் போன் செய்தார். சிறுநீரை வைத்தே இந்தப் புழு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் ஒரு சோதனையை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். ஊசி இல்லை, மலம் இல்லை. அண்ணி சம்மதித்தால் ஆய்வுக்குழுவிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வருவார். அண்ணியிடம் கேட்டேன். "வரட்டும், பாப்போம்," என்றார்.

வந்தது ஒரு தமிழ்ப் பெண். மேல்படிப்புக்காக இந்த ஆய்வைச் செய்பவர். ஒரு சனிக்கிழமை காலை ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, முழங்கால் வரை பூட்ஸ் போட்டு, சரிவில் ஏறி வந்தார். அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து சாதிக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா, கொஞ்சம் ஒண்ணுக்கு மட்டும் குடுத்தாப் போதும்."

"அதுல புழு நீந்துமா?"

"இல்லக்கா. புழு அதுல வராது. உள்ள புழு இருந்தா, அத எதிர்க்க உடம்பு ஒரு பொருளச் செய்யும். அது ரத்தத்துல இருக்கும். அதுல துளியூண்டு மூத்திரத்துலயும் கசிஞ்சு வரும். நாங்க அதத் தேடுறோம்."

"கண்டுபுடிச்சா?"

"கண்டுபுடிச்சா டாக்டர்கிட்ட சொல்லுவோம். இது இன்னும் ஆராய்ச்சிதான்க்கா, பொய் சொல்லல. இருக்குன்னு வந்தா வேற டெஸ்ட்டும் எடுத்து உறுதி பண்ணுவாங்க. இல்லன்னு வந்தாலும் நூத்துக்கு நூறுன்னு சொல்ல முடியாது. ஆனா ஒண்ணும் தெரியாம இருக்கறதுக்கு இது மேல் லா."

அந்தப் பெண் பொய் சொல்லாததுதான் அண்ணிக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். கையைத் துடைத்துக்கொண்டு குப்பியை வாங்கிப் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது குப்பி செய்தித்தாளில் சுற்றியிருந்தது. ஏதோ பலகாரம் கொடுப்பது போல இரண்டு கையாலும் நீட்டினார்.

"அக்கா, நீங்களும் குடுங்களேன்," என்றார் அந்தப் பெண் என்னிடம்.

"நான் இங்க வேலை செய்யலம்மா."

"சின்ன வயசுல?"

"இங்கதான் பொறந்தேன்."

"அப்பக் குடுங்க."

கொடுத்தேன். கொடுத்ததையும் மறந்துவிட்டேன்.

டாக்டரின் அழைப்பு வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். போனைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்தேன். அண்ணியின் பெயரைச் சொல்லி, அவருக்கு இல்லை என்று வந்திருக்கிறது என்றார். நான் அங்கேயே சுவரில் சாய்ந்து கடவுளுக்கு நன்றி சொன்னேன். டாக்டர் பேச்சை நிறுத்தவில்லை. உங்களுக்கு இருக்கிறது என்றார்.

யாருக்கு என்று திருப்பிக் கேட்டேன். என் பெயரைச் சொன்னார்.

கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்தேன். காலணியைக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். வெடிப்புகூட இல்லாத பாதம். நான் பாலம் தாண்டி வேலைக்குப் போன நாளெல்லாம், சம்பள உயர்வுக்குச் சந்தோஷப்பட்ட நாளெல்லாம், அண்ணனின் பாடைக்குப் பின்னால் நடந்த அன்றும், அது எனக்குள் இருந்திருக்கிறது. களிம்பு தடவித் தடவி நான் அடக்கி வைத்த அரிப்பு அதன் நடமாட்டம். அருவருப்பைவிடப் பயம் அதிகமாக இருந்தது. ஆஸ்துமா என்றோ மூட்டுவலி என்றோ நான் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தால், அவர்களும் நல்லெண்ணத்தோடு அதே மாத்திரையைக் கொடுத்திருந்தால், எனக்கும் அந்தக் கட்டில்தான்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், உறுதியானது. வெறும் வயிற்றில் விழுங்கச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். கையில் வைத்துப் பார்த்தேன். சாதாரண வெள்ளை மாத்திரை. காய்ச்சலுக்கு வாங்குவது மாதிரியே இருந்தது. இனி எங்கே யார் ஸ்டெராய்டு கொடுத்தாலும் இந்தப் புழு இருந்த கதையை முதலில் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். எழுந்து போகத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு கேட்டேன்: என் அண்ணனுக்கு இந்தச் சோதனையை முன்பே செய்திருந்தால்?

சோதனை இன்னும் மருத்துவமனைகளுக்கு வரவில்லை என்று தொடங்கினார். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, ஏதாவது ஒரு வழியில் முன்பே தெரிந்திருந்தால் முதலில் இந்த மாத்திரையைக் கொடுத்திருப்போம், பெரும்பாலும் அவர் உயிரோடு இருந்திருப்பார் என்றார். இப்போதெல்லாம் ஸ்டெராய்டு எழுதுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும், மண்ணில் வேலை செய்தீர்களா, எங்கே வளர்ந்தீர்கள் என்று தான் கேட்பதாகவும் சொன்னார். எனக்கு ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். ஆறுதலாக இல்லை.

அந்த வாரக் கடைசியில் தோட்டத்துக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கலாமா என்று பஸ்ஸில் யோசித்தேன்தான். ஆனால் என்னைப் பார்த்த உடனே அவர் கேட்ட கேள்வியே அதுதான்.

"அவருக்கு இந்த டெஸ்ட்டு எடுத்திருந்தா பொழச்சிருப்பாரா?"

"பொழச்சிருப்பாருன்னுதான் சொல்றாங்க அண்ணி."

அண்ணி அடுப்பை அணைத்தார். தரையில் உட்கார்ந்தார்.

"எத்தன குப்பி குடுத்திருப்பாரு," என்றார். "போற வாட்டியெல்லாம் வரிசையில நின்னு குடுத்தாரே. கட்டிலுக்குக் கீழ மூத்திரப் பை தொங்குச்சு. நிரம்ப நிரம்ப அந்தத் தாதிப் புள்ள அளந்து பாத்து ஊத்திட்டுப் போச்சு. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். அதுலயே இருந்திருக்கு. அதுலயேதான் இருந்திருக்கு."

சாவு வீட்டில்கூட அவர் அப்படி அழுததில்லை. நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை, கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க நேரம் போவது தெரியாமல் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடுவதற்குத் தைரியம் வரவில்லை. எனக்குள் இருந்தது அண்ணனைக் கொன்ற அதே புழு. அதே குழியிலிருந்து அதே வயதில் வந்தது. அவர் போய்விட்டார், நான் ஒரு வெள்ளை மாத்திரையில் தப்பித்துவிட்டேன்.

கொஞ்சம் அடங்கிய பிறகு, "எனக்கு ஏன் இல்ல?" என்று கேட்டார். "இந்த மண்ணுல நானுந்தானே கெடந்தேன்?"

அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அண்ணியின் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் வீட்டுக்குச் சிமெண்டு கக்கூஸ் கட்டினார்கள். குழிக் கக்கூஸ் இருக்கும் வீட்டுக்குப் பெண் தரமாட்டோம் என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டதால் தோட்ட முதலாளி கட்டிக் கொடுத்தார். அதோடு, சேறாக இருந்தாலும் அண்ணி சிலிப்பர் இல்லாமல் வாசலில் இறங்கியதில்லை. டவுன்காரி என்று அண்ணன் கேலி செய்வார். அதைச் சொன்னேன்.

"அவரையும் போடச் சொன்னேன்மா," என்றார். "வழுக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டுப் போவாரு."

அதற்குப் பிறகு தோட்டத்தில் இருக்க அவரால் முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டார். ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கடையில் காலை வேளையில் நிற்கிறார். எனக்கு அரிப்பு மறுபடி வரவில்லை. ஆய்வுக்குழு இன்னொரு முறை என் சிறுநீரை வாங்கிப் பார்த்தது. புழுவை எதிர்க்க உடம்பு செய்த அந்தப் பொருளின் அளவு இறங்கியிருக்கிறது, முழுக்கப் போகவில்லை, அது இறங்க நாளாகும், காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார் அந்தப் பெண். காத்திருக்கிறேன். வயிறு லேசாக வலித்தாலும் சட்டையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

போன மாதம் அண்ணி என்னிடம் சொல்லாமல் பாலிக் புலாவ் போய் வந்தார். பலகை வீட்டில் இப்போது ஓர் இந்தோனேசியத் தம்பதி இருக்கிறார்கள். அந்தப் பெண் வெறுங்காலோடு பழம் பொறுக்குகிறாள் என்று யாரோ மார்க்கெட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

"எனக்குத் தெரிஞ்ச மலாயில எல்லாத்தையும் சொன்னேன்," என்றார். "காலு வழியாப் போவும், வயித்துல இருக்கும், என் புருசன் செத்தாருன்னு. கேட்டுச்சு. சிரிச்சுச்சு. பைத்தியம்னு நெனச்சிருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பாவம்னு ஒரு டுரியான எடுத்துக் குடுத்துச்சு, வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லி."

"பழம் எங்க?"

"அந்த வாடைக்குப் பஸ்ஸுல ஏத்த மாட்டான்ல. ஸ்டாப்புலயே வெச்சிட்டு வந்துட்டேன்."

புடவையை மாற்றிக்கொண்டு படுக்கப் போனார். சாப்பிடக் கூப்பிட்டேன். பசிக்கவில்லை என்றார்.